நான்கு வள்ளம் விதைக்கடலை

அக்கா,

இன்று ராத்திரி மருமகள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பொட்டுக்கடலை வைத்துவிட்டுப் போனாள். சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, தூக்கமும் இல்லை, நடுராத்திரியில் எழுந்து கண்டதைத் தின்கிறேன் என்று டாக்டரிடம் என்னைப் பற்றிப் புகார் செய்திருக்கிறாள். "பசிச்சா இத மட்டும் ஒரு கை தின்னுங்க அத்தை. அதுக்கு மேல வேண்டாமுங்க" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். இதே வார்த்தையை, இதே போல ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு, நீங்கள் சொல்லிக் கேட்டவள் நான்.

இந்த வீட்டின் மூத்த மருமகளாக நீங்கள் வந்து எட்டு வருடம் கழித்து, இளையவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். கஞ்சிக்கோட்டில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். எலப்புள்ளியில் நமக்குக் கடலைக்காடும் மாடுகளும்தான். மூன்று வருடமாகியும் என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அந்தப் பேச்சு ஊருக்குள் கிளம்பியதும் என் தூக்கம் போயிற்று. உங்கள் கொழுந்தன் படுத்த அடுத்த நிமிடம் குறட்டை விடுவார். நான் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒரு மணிக்கு மேல் வயிறு கிள்ள ஆரம்பிக்கும். அது பசியில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது பசி என்றுதான் நினைத்தேன்.

பழைய சோற்றில் கை வைத்தால் காலையில் தெரிந்துவிடும். கருப்பட்டிப் பானை மாமியார் தலைமாட்டில் இருந்தது. மிச்சம் இருந்தது சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையில், விதைக்கடலைச் சாக்கு. மாமனார் வேப்பிலை போட்டு, வாயைத் தைத்து, கற்பூரம் காட்டி வைத்தது. விதைப்பு நாள்வரை அதை யாரும் தொடக்கூடாது. விதையைத் தின்ற வீடு என்ற பேரைவிடக் கேவலம் நம் பக்கத்தில் வேறில்லை. நான் தையலுக்கு நடுவே இரண்டு விரலை விட்டு ஒவ்வொரு காயாக உருவினேன். சத்தம் வராமல் முந்தானைக்குள் வைத்து உடைத்துத் தின்றேன். தொண்டியை, அந்த வெறுந்தோலை, அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்தேன். அப்படி எத்தனை ராத்திரி என்று எனக்கே தெரியாது.

ஆடியில் சாக்கைப் பிரித்து வாசலில் வள்ளத்தால் அளந்தார்கள். நான்கு வள்ளம் குறைந்தது. இவ்வளவா தின்றேன்? பாதிகூட இருக்காதே என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எலி என்றால் சாக்கு கிழிந்திருக்க வேண்டும், கிழியவில்லை. மாமனார் நேராகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி மாராளைப் பார்த்தார்.

"பொறக்கடையில வந்து போறவ ஆரு? இவ ஒருத்திதான. நாளையில இருந்து இந்தப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லிப்போடு."

மாராள் கையில் இருந்த சாம்பலைக் கழுவினாள். நான் உங்களைப் பார்த்தேன், அக்கா. நீங்களும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மாராள் பின்கதவு வழியாகப் போனாள்.

அன்று ராத்திரிதான் நீங்கள் முதல் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் பாய்க்குப் பக்கத்தில் வைத்தீர்கள். "ஒரு கை பொட்டுக்கடல, ஒரு சொம்புத் தண்ணி. அதுக்கு மேல வேண்டாங் கண்ணு. ஆருகிட்டயும் எதுவுஞ் சொல்லிப்போடாத" என்றீர்கள். என்னைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு நீங்கள் கிழித்த கோட்டை நான் தாண்டியதே இல்லை. எனக்கு மகன் பிறந்து, அவனுக்குப் பேர் வைத்ததுகூட நீங்கள்தான்.

மாராள் போய் இரண்டு வருடம் கழித்து வேலந்தாவளத்தில் பஸ் மாற இறங்கினேன். அன்று மாட்டுச் சந்தை. ஓரத்தில் மாராள் கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்தாள். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவள் கூப்பிட்டு ஒரு சொம்பு கூழ் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்:

"இப்பவாச்சும் தூக்கம் வருதுங்களா அம்மிணி?"

நம் வீட்டு அடுப்புச் சாம்பலில் தினமும் பாத்திரம் துலக்கியவள். பாதி எரிந்த தொண்டி அவள் கையில் தட்டுப்படாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் பேசாமல் போயிருக்கிறாள். சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்திருப்பாள். நான் அன்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

போன தை மாதம் நீங்கள் படுக்கையில் கிடந்தீர்கள். கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன்.

"அந்த நாலு வள்ளத்துல நாந் தின்னதும் பாதி இருக்கும் புள்ள."

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே மேலே சொன்னீர்கள்.

"மூணு பெத்தும் எனக்கும் தூக்கமில்ல. ஆருகிட்டச் சொல்றது? நீ வந்துட்டுப் போனதுக்கப்புறம் நான் போவேன். நீ வுட்ட ஓட்டையிலயேதான்."

"ஏனுங்க்கா அன்னிக்குச் சொல்லல?"

"நீ வாயத் தெறப்பீன்னு பாத்தேன். நீ தெறந்திருந்தா நானுந் தெறந்திருப்பேன்."

கோபத்தில் என் கை நின்றுவிட்டது. "காலப் புடி" என்றீர்கள். பிடித்தேன். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு பேர் விழித்துக் கிடந்திருக்கிறோம். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, நீங்கள் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் சேர்ந்து உட்கார்ந்து தின்றிருக்கலாம். தின்னாமல்கூட இருந்திருக்கலாம். அதை விடுங்கள். உங்கள் கிண்ணத்தைக் கருணை என்று நம்பி இத்தனை வருடம் தலை குனிந்து நடந்தேனே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் காரியம் முடிந்த மறுநாளே வேலந்தாவளம் போனேன். மாராளை அவள் மகன் திருப்பூர்ப் பக்கம் கூட்டிப்போய் வெகுநாளாயிற்று என்றார்கள். உயிரோடு இருக்கிறாளா என்று சொல்ல ஆளில்லை.

இப்போது மணி இரண்டு. பொட்டுக்கடலை அப்படியே இருக்கிறது. மாராளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை இத்தனை வருடமாகச் சுமந்து பழகிவிட்டேன். போகிற போக்கில் உங்களுடையதையும் என்னிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் நன்றாகத் தூங்கப் போய்விட்டீர்கள், அக்கா.