மாப்பிள்ளை படம் இல்லாத ஃப்ளெக்ஸ்

மே 4, திங்கள்

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காலையிலேயே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. துணி காயப்போடுவது என் வேலை. கடைசித் துணியைப் போடுவதற்குள் முதல் துணி காய்ந்துவிட்டது.

எம்.ஏ. சேர்க்கை முடிவு வந்தது. மொழியியல், ஹைதராபாத். தேர்வானவர்கள் பட்டியலில் நான் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது. மேலே இருப்பவர்களில் மூன்று பேர் வேண்டாம் என்றால் எனக்கு இடம். மாதக் கடைசியில் பட்டியலை மூடிவிடுவார்கள்.

அம்மாவுக்கு விளக்கினேன்.

"வெயிட்டிங் லிஸ்ட் மூணா? அட போடி. ரயில்ல நாப்பதே கன்ஃபார்ம் ஆகுது."

"இது ரயில் இல்லம்மா."

"சார்ட் எப்பப் போடுவாங்க?"

அப்பா: "ம்."

(அப்பாவின் பேச்செல்லாம் ஆபீசிலேயே செலவாகிவிடும். மிச்சம் இதுதான்.)

கோடைத் திட்டம்:
– தடித்த மொழியியல் புத்தகம். இம்முறை முன்னுரையைத் தாண்டுவது.
– தெலுங்கு எழுத்துகள்.
– நீச்சல். (எங்கே? வைகையில் மணல்.)
– தனியாக இருந்து பழகுவது.
– யார் கண்ணிலும் படாமல் இருப்பது.

மே 7, வியாழன்

காற்றில்லை. தெலுங்கு: அ, ஆ.

பால் வாங்கப் போனேன். ஷேர் ஆட்டோ நிற்கும் முக்கில் என் முகம். என் உயரத்தைவிட இரண்டு மடங்கு.

"மேற்படிப்பிற்காக ஹைதராபாத் செல்லும் எங்கள் அவனியாபுரத்தின் அறிவுச்சுடர் செல்வி பவித்ரா பி.ஏ., அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்."

வைத்தது பாண்டி மாமா. அம்மாவின் தம்பி. லேத் பட்டறை வைத்திருக்கிறார். அம்மா ஃபோனில் "மூணாவது" என்று சொல்லியிருக்கிறாள். மூன்றாம் பரிசு என்று எடுத்துக்கொண்டாரா, தெரியவில்லை.

என் பின்னால் சார்மினார். அதற்கு மேலே விமானம். (நான் போனால் ரயிலில், ஸ்லீப்பரில்.) நான் என் நிறத்தில் இல்லை. மாமா கூலிங்கிளாஸுடன், என்னைவிடப் பெரிதாக. கீழே சின்னச் சின்ன வட்டங்களில் அவருடைய நண்பர்கள். எல்லோரும் செல்ஃபோனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரிடம்?

படம் ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டார்கள். ஒரு கையை மட்டும் வெட்ட மறந்துவிட்டார்கள். என் இடது தோளில் யாருடையதோ ஒரு கை. மணிக்கட்டோடு முடிகிறது.

பால் வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

மே 8, வெள்ளி

முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு முக்குக்குப் போனேன். பூக்காரம்மாவும் இன்னொரு அம்மாவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணமாக்கா?"

"மாப்பிள்ள படத்தக் காணமே."

"அப்ப சடங்கா?"

"பிள்ளையப் பாத்தா சடங்கு வயசாவா தெரியுது?"

பூக்காரம்மா குரலைத் தாழ்த்தி:

"ஏக்கா, கண்ணீர் அஞ்சலியா இருக்குமோ? வழியனுப்புறோம்னு வேற போட்ருக்கே."

"அய்யோ, சின்னப் பிள்ளையா இருக்கே. தோள்ல பாரு, ஒரு கை வந்து புடிச்சு இழுக்குற மாதிரியே இருக்கு."

இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் என்மீது கொஞ்சம் இரக்கம் வந்தது.

மே 10, ஞாயிறு

பட்டறைக்குப் போனேன். இரும்பும் கிரீஸும் மணத்தன. மாமா லுங்கியை மடித்துக் கட்டி ஏதோ கம்பியைக் கடைந்துகொண்டிருந்தார்.

"மாமா, எனக்கு இன்னும் சீட்டே கிடைக்கல."

"தெரியும் ஆத்தா. அதான் வச்சேன்."

"கிடைச்சப்பறம்தான வைக்கணும்?"

மெஷினை நிறுத்தினார். இது அவருக்குப் பிடித்த விஷயம்.

"கிடைச்சப்பறம் வைக்கிறதுக்கு ஃப்ளெக்ஸ் எதுக்கு? இந்தப் பட்டறைக்குத் திறப்பு விழான்னு ஃப்ளெக்ஸ் வச்சப்ப உள்ள ஒரு மெஷின் கெடையாது. சுத்தமா. ஊரு பூரா எப்படா திறப்ப, எப்படா திறப்பன்னு கேட்டுக் கேட்டே திறக்க வச்சுட்டாய்ங்க. எனக்கு நிச்சயதார்த்தம்னு வச்சப்ப உங்க அத்தை வீட்ல சரின்னே சொல்லல."

உள்ளிருந்து அத்தை: "அதக் கிழிக்கத்தான் எங்கப்பாரு வந்தாரு. வந்த எடத்துல உங்க அம்மாச்சி காப்பியக் குடுத்துருச்சு. குடிச்சுட்டாரு."

"கேட்டியா? நம்ம வச்சுட்டா அது வந்து சேந்துரணும் ஆத்தா. வேற வழி இல்ல அதுக்கு."

மொழியியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. சொன்னவுடன் நடந்துவிடுகிற சொற்கள். பரீட்சைக்குப் படித்தேன். எடுத்துக்காட்டு மறந்துவிட்டது. இப்போது கிடைத்துவிட்டது.

"அந்தக் கை யாரோடது மாமா?"

"எந்தக் கை?"

மே 14, வியாழன்

காத்திருப்பில் மூன்றிலேயே நிற்கிறேன். அம்மா காலையும் மாலையும் கேட்கிறாள்: "சார்ட் போட்டாச்சா?"

ஷேர் ஆட்டோவில் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் முருங்கைக்கீரை. டிரைவரிடம்: "அண்ணே, ஃப்ளெக்ஸ் பிள்ளகிட்ட நிப்பாட்டுங்க."

டிரைவருக்குப் புரிந்தது. எல்லோருக்கும் புரிந்தது. அந்த முக்குக்கு இதுவரை பெயர் இருந்ததில்லை.

நான் அடுத்த முக்கில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன்.

தடித்த புத்தகம்: முன்னுரை, பக்கம் நான்கு. இந்த நூல் யாருக்கானது என்று விளக்குகிறார்கள். எனக்கானது இல்லை போல.

மே 17, ஞாயிறு

கீழக்குயில்குடி. ஜான்சியின் ஸ்கூட்டியில். கல்லூரியில் என் பெஞ்ச். அவளுக்கு எம்.பி.ஏ., உள்ளூரிலேயே. போன மாதமே கிடைத்துவிட்டது. ஃப்ளெக்ஸ் இல்லை.

சமணர் மலையில் கொஞ்ச தூரம் ஏறி, நிழலில் உட்கார்ந்தோம். பாறை சூடு. தொலைவில் வாழைத்தோட்டம், அதற்கப்பால் எல்லாம் வெளிறிப்போன வெயில்.

"இங்க படுத்திருந்த சமணருங்க எம்புட்டு நிம்மதியா இருந்திருப்பாங்க," என்றேன். "யாரும் ஃப்ளெக்ஸ் வைக்கல."

"மேல சிலைக்கு அடியில யாரு செஞ்சு குடுத்தான்னு பேரு வெட்டிருக்குல்லடி. அது என்னவாம்?"

நான் அண்ணாந்து மேலே பார்த்தேன்.

"அவங்களுக்கும் ஒரு பாண்டி மாமா இருந்திருப்பாரு."

கீழே இறங்கிச் சுண்டல் வாங்கும்போது கேட்டாள். "கிடைக்கலைன்னா என்ன பண்ணுவ?"

"அவனியாபுரத்த விட்டே போயிருவேன்."

"அதுக்குத்தானடி சீட்டே கேட்ட."

சிரித்தோம். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு நின்றுவிட்டது. இதுவரை எதையும் இவ்வளவு வேண்டும் என்று நினைத்ததில்லை. கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளும் வசதி எனக்கு எப்போதும் இருந்தது. ஃப்ளெக்ஸ் அதைப் பிடுங்கிக்கொண்டது.

மே 21, வியாழன்

மூன்று ஒன்றாகியது. ஒரே நாளில். இரண்டு பேர் வேறு எங்கோ போயிருக்கிறார்கள். யாரென்று தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

அம்மா: "ஆர்.ஏ.சி. வந்துருச்சு. இனி உக்காந்தாவது போயிரலாம்."

அப்பா: "ம்." ஆனால் தட்டில் சாப்பாடு அப்படியே.

மே 24, ஞாயிறு

சாயங்காலம் கோடை மழை. முதலில் புழுதி, பிறகு ஆலங்கட்டி, பிறகு கரண்ட் போனது. மழை விட்டபின் மாமா ஃபோன் செய்தார். முக்கில் சவுக்குக் கட்டை மட்டும் நிற்கிறதாம். நான் இல்லையாம்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. சகுனம். வாயைத் திறந்து சொல்லவில்லை. சாமி விளக்கில் எண்ணெய் அதிகமாக ஊற்றினாள்.

எனக்கு நிம்மதி என்று நினைத்தேன். இல்லை.

மே 26, செவ்வாய்

என்னைக் கண்டுபிடித்துவிட்டேன். இளநீர் வண்டிக்குப் பந்தலாக இருக்கிறேன். எழுத்துப் பக்கம் கீழே பார்த்து. இளநீர் குடிக்கும் எல்லோரையும் மேலிருந்து பார்த்துப் புன்னகைக்கிறேன். சார்மினாரைக் காணோம், மடிப்பில் போயிருக்கும். கை பத்திரமாக இருக்கிறது.

துப்பட்டா சுற்றாமல் போய் ஒரு இளநீர் கேட்டேன். அண்ணாந்து பார்த்தேன். இளநீர்க்காரரும் பார்த்தார்.

"நல்ல ஃப்ளெக்ஸும்மா. ஒரு சொட்டு எறங்காது."

"யாருண்ணே இந்தப் பொண்ணு?"

"நம்ம லேத்துப் பாண்டி அக்கா மக. பெரிய படிப்பு."

"இங்கதான் இருக்கா?"

"அது எங்கம்மா இங்க இருக்கு? ஹைதராபாத் போயி வாரக் கணக்காச்சு. போறப்ப இங்கதான் இளநி குடிச்சுட்டுப் போச்சு." வெட்டி நீட்டினார். "வழுக்கை வேணுமா?"

வேணும் என்றேன். ஊரில் இல்லாத ஒருத்தி போல மெதுவாக நடந்து வந்தேன். கோடைத் திட்டத்தில் கடைசி வரி நிறைவேறியது.

மே 29, வெள்ளி

அக்னி முடிந்தது. வெயிலுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. இடம் உறுதி. ஈர நைட்டியோடு கீழே ஓடினேன்.

"அம்மா, கிடைச்சிருச்சு."

"எது, துணி கிளிப்பா?"

"சீட்டும்மா. ஹைதராபாத்."

"ஓ. சார்ட் போட்டாச்சா? அதான் எப்பயோ தெரிஞ்சதுதான." குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்கு ஃபோன் செய்தேன். பின்னணியில் லேத் சத்தம்.

"மாமா, சீட்டு வந்துருச்சு."

"சரி ஆத்தா. அதான் வச்சாச்சுல்ல? இப்ப என்ன புதுசா?"

இந்த ஊரில் எனக்கு இது பழைய செய்தி. ஜான்சிக்கு அனுப்பினேன். பதில்: "போயி வாரக் கணக்காச்சுன்னு கேள்விப்பட்டேனே."

அப்பா வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஷூவோடு நின்றார்.

"நெசமாவே கெடைச்சிருச்சா?"

இந்த வீட்டில், இந்த ஊரில், இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த இன்னொரு ஆள். மெயிலைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். போகவில்லை.

மறுபடி மாமா ஃபோன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆத்தா, நல்ல ஃபோட்டோ ஒண்ணு அனுப்பு. எம்.ஏ. பட்டம் வாங்குனதுக்கு இப்பவே டிசைன் போடச் சொல்லிட்டேன். கவுனெல்லாம் அவங்களே மாட்டிருவாங்க."

"மாமா, நான் இன்னும் சேரவே இல்ல."

"அதனாலதான்."

அப்பா தொண்டையைச் செருமினார். ஃபோனைப் பார்த்து, அது ஏதோ கூட்டத்து மைக் என்பதுபோல:

"பாண்டி, அந்தக் கை என்னோடது."

லேத் சத்தம் நின்றது.

அப்பாவின் ஃபோனிலிருந்து மாமாவுக்கு அதே படத்தை அனுப்பினேன். வெட்டாதது. "மிச்ச ஆளையும் சேர்த்துப் போடவும்" என்று கீழே எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"கூலிங்கிளாஸ் வேணாம்னு சொல்லு."