இடது ஓரத்துக்காரன்

ஆகஸ்ட் 3
வீட்டிலிருந்து

என் டவாரஸுக்கு,

நானும் இமானியும் நலம். அவளுக்குக் கீழ்ப்பல் முளைக்கிறது, அதனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் நலமாக இல்லை. தவழவும் ஆரம்பித்துவிட்டாள், ஆனால் பின்பக்கமாக. சோபாவுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு கத்துகிறாள். பின்பக்கமாகவே ஓடிப் பந்தைத் தடுக்கிற கார்னர்பேக் பெற்ற பிள்ளை வேறெப்படித் தவழும் என்று உன் அக்கா சிரிக்கிறாள்.

கோச் பிளெட்ஸோ உங்கள் எல்லோருடைய போனையும் பெட்டியில் போட்டுப் பூட்டி, ஃபுட்பால் முகாம் முடியும்வரை கடிதம்தான் என்றபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதினால், போனில் கேட்காத கேள்வியெல்லாம் வருகிறது. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் சும்மா இருப்பேனா?

உனக்கு எதிரே நிற்பவனுக்குத் தான் எங்கே ஓடப்போகிறோம் என்று தெரியும், உனக்குத் தெரியாது. அவன் முன்பக்கமாக ஓடுகிறான், நீ பின்பக்கமாக. ஆனாலும் பந்து அவன் கைக்கு வரும்போது உன் கை அங்கே இருக்க வேண்டும். எப்படிடா முடிகிறது? இத்தனை வருஷம் கைதட்டினேனே தவிர, இதைக் கேட்கவே இல்லை.

முட்டி எப்படி இருக்கிறது? கிழிந்த தசைநாரைத் தைத்துப் பத்து மாதம் ஆகப்போகிறது. இது உனக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். கார்னர்பேக்குக்கு இருப்பதே இரண்டு ஓரம், அதில் ஒன்று ஏற்கனவே இன்னொருவனுக்கு என்று முடிவாகிவிட்டது. மிச்சமிருப்பது ஓர் இடம், அதற்கு நீயும் அந்தப் புதுப் பையன் குவின்சியும். அவன் எப்படிப்பட்டவன்? வாய் ஜாஸ்தியா?

உன் ராஸ்லின்


ஆகஸ்ட் 6
முகாம்

ராஸ்,

முட்டி நன்றாக இருக்கிறது. சாப்பாடுதான் மோசம். திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸ் சோறு என்று ஒன்று போட்டார்கள், உன் அம்மா பார்த்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்.

உன் கேள்விக்குப் பதில்: முகத்தைப் பார்க்கக் கூடாது. முகம் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும். இடுப்பை மட்டும் பார்க்க வேண்டும். எவனாலும் இடுப்பை விட்டுவிட்டு ஓட முடியாது. அது திரும்பும்போது நாமும் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். சில நாள் தப்பாகிவிடும். அன்றைக்கு ஊரே நம் பேரைச் சொல்லித் திட்டும்.

குவின்சிக்கு வாய் ஜாஸ்திதான். என்னைப் "பெருசு" என்கிறான். காலையில் நான் முட்டிக்குப் பட்டி கட்டும்போது, "பெருசு, கட்டி முடிச்சிட்டு ஊன்றுகோலையும் மறக்காம எடுத்துட்டு வா!" என்று கத்துகிறான். எங்களை ஒரே அறையில் போட்டிருக்கிறார்கள். கோச்சுக்கு இது வேடிக்கை. நல்ல பையன், ராஸ். வேகமும் இருக்கிறது, அதுதான் தொல்லை.

இமானியை சோபாவுக்கு அடியிலிருந்து எடு.

உன் டவாரஸ்


ஆகஸ்ட் 10

என் டவாரஸுக்கு,

நேற்றுக் குடும்பங்களை உள்ளே விட்டபோது ஓரமாக உட்கார்ந்து முழுப் பயிற்சியும் பார்த்தேன். வெயிலில் பிள்ளை வாடிவிட்டாள், அதனால் உன்னிடம் சரியாகப் பேசாமல் கிளம்பினேன். அது மட்டும் காரணம் இல்லை.

நீ சொன்னபடி இடுப்பைத்தான் பார்த்தேன், உன் இடுப்பை. இத்தனை வருஷமும் இடது ஓரத்தில் நின்றவன், நேற்று முழுக்க வலது ஓரத்தில் நின்று எல்லாவற்றிலும் அரை நொடி தாமதமாகத் திரும்பினாய். எனக்கு முன்வரிசையில் ஒரு ஆள் பக்கத்திலிருந்தவனிடம், "பாவம்பா, அந்தப் பையன் முட்டி முடிஞ்சுது. அந்தச் சின்னவனைப் பாரு, அவனுக்குத்தான் இந்த வருஷம்" என்றான். இமானியின் பால் புட்டியை அவன் தலையில் போடலாமா என்று பார்த்தேன்.

பயிற்சியில் உங்கள் இருவரையும் ஒன்றாக இறக்கி, யார் எந்தப் பக்கம் என்று நீங்களே பேசிக்கொள்ளலாம் என்று கோச் விட்டிருக்கிறார், தெரியும். ஆனால் ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு முறையும் நீ இடது பக்கம் போகிறாய். குவின்சி தலைக்கவசத்தை இரண்டு தட்டு தட்டுகிறான். நீ உடனே மைதானத்தைக் கடந்து வலது பக்கம் ஓடுகிறாய். ஒரு தடவை அல்ல, எல்லாத் தடவையும்.

அது என்ன தட்டு? உன் முட்டி இடது பக்கம் திரும்ப மறுக்கிறதா? அதை மறைக்க அவன் உதவுகிறானா? என்னிடம் மறைக்காதே. தூக்கம் வரவில்லை.

ராஸ்லின்


ஆகஸ்ட் 12

ராஸ்,

இவ்வளவு பேர் பார்த்தார்கள், உன் கண்ணில்தான் பட வேண்டுமா?

என் முட்டி இல்லை. அவனுடைய தோள். இடது தோள். முதல் வாரம் ஒருவனை மறித்தபோது ஏதோ ஆகிவிட்டது. வலது ஓரத்தில் நின்றால் உள்பக்கம் வருகிறவனை இடது தோளால்தான் மோத வேண்டும். இடது ஓரத்தில் நின்றால் வலது தோள் போதும். "நாலு நாளு பெருசு, யார்கிட்டயும் மூச்சு விடாத, தானா சரியாயிடும்" என்றான். நாலு நாள் எப்போதோ தாண்டிவிட்டது. இரவில் சட்டையைக் கழற்ற நான்தான் கை கொடுக்கிறேன்.

நான் சொன்னால் இடம் எனக்கு, தெரியும். அப்படி வருகிற இடம் எனக்கு வேண்டாம். என் முட்டி போன அன்று எனக்குப் பதிலாக உள்ளே வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனான். அப்படி ஒருவனாக நான் இருக்க மாட்டேன்.

கோபப்படாதே.

டவாரஸ்


ஆகஸ்ட் 13

டவாரஸ்,

கோபம்தான் வருகிறது. நீ நல்லவனாக இருக்கிறாய், அதற்கு விலை அவன் தோள். நீ ஒவ்வொரு முறை வலது பக்கம் ஓடும்போதும் அவன் இன்னும் ஒரு நாள் அந்தத் தோளோடு ஆடுகிறான். அவனுக்கும் எங்கோ ஒரு அம்மா இருப்பாள், நீ சட்டை கழற்றிவிடுவது அவளுக்குத் தெரியுமா? தெரிந்தால் உனக்கு நன்றி சொல்வாள் என்றா நினைக்கிறாய்?

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். அந்த அம்மாவுக்காகத்தான் எழுதுகிறேனா, இல்லை உனக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேனா? நோண்டி நோண்டிப் பார்த்துவிட்டேன், பிரித்தெடுக்க முடியவில்லை. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. அதனால் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. நீயே யோசி.

இமானிக்குக் காய்ச்சல் விட்டது. வந்ததைச் சொல்லவில்லை, மன்னித்துக்கொள். நாம் இரண்டு பேருமே மறைக்கிற ஜாதிதான்.

ராஸ்லின்


ஆகஸ்ட் 18

என் ராஸ்லினுக்கு,

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை பட்டி கட்டும்போது குவின்சியிடம் மட்டும் சொன்னேன்: "இன்னிக்கு நீ தட்டினாலும் நான் மாற மாட்டேன்டா. என் பக்கத்துல நான் நிப்பேன்." அவன் சிரித்தான். "என்ன பெருசு, பயமா? இடம் போயிடும்னா?" ஆமாம் என்றேன். "அதுவும்தான். உன் தோளும்தான்."

மைதானத்தில் தட்டினான். நான் நகரவில்லை. மறுபடியும் தட்டினான். நான் எதிரே நின்றவனின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குவின்சி வலது ஓரத்துக்கு நடந்து போனான். போய் நின்றான். பந்து கிளம்பும் முன்பே வலது கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். நேராக மருத்துவரிடம் போய் அவனே சொல்லிவிட்டான்.

தோளில் எதுவும் கிழியவில்லையாம். அக்டோபர் வரை ஆடக் கூடாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அறையில் இரண்டு கட்டில், நடுவில் மிசிசிப்பி ஆறு. சட்டையைக் கழற்ற மட்டும் முதுகைக் காட்டி நிற்பான். கழற்றிவிடுவேன்.

முதல் ஆட்டத்தில் இடது ஓரம் எனக்கு என்று கோச் நேற்றுச் சொன்னார். ஓடிவந்து உனக்குச் சொல்ல வேண்டும் போல இல்லை, அதைத்தான் முதலில் எழுதுகிறேன். நீ கேட்டது எனக்கும்தான், ராஸ். நான் ஏன் நகராமல் நின்றேன் என்று எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்று காலை பயிற்சியில் முதல் ஓட்டத்திலேயே ஒருவன் என்னைத் தாண்டிப் போய்ப் பந்தைப் பிடித்துவிட்டான். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு எல்லைக்கோட்டில் நின்ற குவின்சி வாயைத் திறந்தான்:

"யோவ் பெருசு! அது என் இடம்யா, அக்டோபர் வரைக்கும்தான் உன்கிட்ட குடுத்திருக்கேன்! அழுக்காக்காம வச்சிரு!"

அடுத்த ஓட்டத்தில் பந்தைத் தட்டிவிட்டேன்.

உன் டவாரஸ்