மில்ரன் எழுதிவைத்த எண்

11.05.2025, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சுவேதினி அதே கேள்வியைக் கேட்டாள்: "அம்மா, அப்பா ஆரை மாதிரி? என்னை மாதிரியோ?"

மூக்கு உன்னுடையதுதான் என்றேன். பொய். பதினேழு வருடமாக நான் சொல்லும் முகம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. மில்ரனின் முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. இதை யாரிடம் சொல்ல?

இருந்த ஒரே கலியாணப் படம் முள்ளிக்குளத்தில் மண்ணுக்குள் கிடக்கிறது. 2007இல் கடற்படை எழுப்பிவிட, ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று அவர்தான் புதைத்தார். வலை போட்ட இடத்தைக் குறிப்பதுபோல, கடலுக்குக் கொண்டுபோகும் ஜீபிஎஸ்ஸைப் பார்த்து, என் செபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த இடத்தின் எண்ணை எழுதினார்: பாகை, நிமிடம், ஒரு புள்ளி, அதற்குப் பிறகு மூன்று இலக்கம். "மரம் விழும், வீடு விழும். எண் விழாது, யசிந்தா." இரண்டு மாதத்தில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. ஜீபிஎஸ்ஸும் அவரோடு போயிற்று. அப்போது இவள் வயிற்றில்.

இன்று அந்த எண் இவள் கண்ணில் பட்டுவிட்டது. "போனில அடிச்சாக் காட்டுமேம்மா!" எனக்கும் தெரியாததல்ல. படம் அழிந்திருந்தால்? அந்தப் பயத்தில்தான் இத்தனை வருடம் பேசாமல் இருந்தேன்.

18.05.2025, ஞாயிறு

இப்போது இருக்கும் ஓலைத்தொடுவாயிலிருந்து மூன்று பஸ் மாறி முள்ளிக்குளம் போனோம். ஊர் முழுக்கப் பற்றை. எங்கள் வளவு எதுவென்றே மட்டுக்கட்ட முடியவில்லை. போன் காட்டிய இடம் கடற்படை முகாமின் வேலிக்கு உள்ளே. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சென்றியில் காவல் நின்றவன் கையைக் காட்டிப் போகச் சொன்னான்.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த மனுசி மிக்சர் தந்தா. அதையும் தின்றுகொண்டு அழுதேன்.

20.05.2025, செவ்வாய்

போன் பிசகும், மெய்யான ஜீபிஎஸ் வேண்டும் என்கிறாள் சுவேதினி. நண்டுக் கம்பனியில் என்னோடு வேலை செய்யும் மார்த்தாக்கா கேட்டா: "என்னடி, புதையல் தேடுறியாம்?" ஓம், புதையல்தான். சிரிக்கட்டும்.

24.05.2025, சனி

மன்னாரில் வஸீர் நானாவின் கடை. வலையும் நங்கூரமும் விற்கிற இடத்தில் இரண்டு கையடக்க ஜீபிஎஸ் இருந்தன. ஒன்று பெரிய கலர்த் திரை, தொட்டால் நகரும், உலகப் படமே உள்ளே இருக்கிறது. சுவேதினி அதைக் கீழே வைக்கவேயில்லை. மற்றது பழசு, மஞ்சள், கண்ணாடி கீறல், பொத்தான்தான், டோர்ச் பற்றறி இரண்டு போடவேண்டும்.

"கடலுக்கோ, காட்டுக்கோ?" என்றார் நானா. செபப் புத்தகத்தை நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பிள்ளை, போனில புள்ளிக்குப் பிறகு வாறதை விநாடி எண்டு அடிச்சீங்களோ?"

"ஓம்."

"கடல்காரர் விநாடி எழுதுறேல்ல. நிமிடத்தையே ஆயிரமாப் பிரிச்சு எழுதுவினம். அரைக் கிலோமீற்றர் பிழைச்சுப் போயிருப்பீங்க."

அரைக் கிலோமீற்றர்! கடல்காரன் பெண்சாதி நான், இது தெரியவில்லை.

மஞ்சளை எடுத்தேன். மில்ரன் எழுதிய மாதிரியே அது எண்ணைக் காட்டுகிறது. சுவேதினிக்கு முகம் சுருங்கிவிட்டது. நானா சொன்னார்: "திறந்த வெளியில பத்து நிமிசம் வைச்சிட்டுப் பாருங்கோ. அப்பவும் ரெண்டு மூண்டு பாகம், ஒரு பதினைஞ்சடி, அங்க இங்க ஆடும். ஒரு கிடங்கு தோண்டினதோட விட்டிடாதேங்கோ."

25.05.2025, ஞாயிறு

மஞ்சள் காட்டிய இடம் முகாம் வேலிக்கு வெளியே, கடற்படை திருப்பி விட்ட காணியில்தான். நாலு கிடங்கில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் அலவாங்கு தகரத்தில் இடித்தது.

அவர் புதைத்த பால்மாப்பேணி, உக்கிப்போயிருந்தது. உள்ளே கண்ணாடிப் போத்தல், வாய்க்கு மெழுகுதிரி உருக்கி அடைத்திருந்தார். படத்தில் என் பாதியைப் பூஞ்சணம் தின்றுவிட்டது. அவர் முழுதாக இருக்கிறார்.

சுவேதினி வெகுநேரம் பார்த்தாள். "அம்மா, இவர் சின்னப் பொடியன்."

26.05.2025, திங்கள்

மூக்கு உண்மையிலேயே அவளுடையதுதான்.

01.06.2025, ஞாயிறு

இன்றும் முள்ளிக்குளம் போனோம். இவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். காலையில் ஓலைத்தொடுவாய் வீட்டு முற்றத்தில் மஞ்சள் ஜீபிஎஸ்ஸைப் பத்து நிமிடம் வைத்து, ஒரு தாளில் எண்ணை எழுதினாள். அதே போத்தலில் போட்டு, மெழுகு உருக்கி, அதே கிடங்கில் வைத்தாள்.

"அப்பா வந்தா இங்கதானே முதல் தோண்டுவார். நாங்க ஓலைத்தொடுவாயில இருக்கிறம் எண்டு அவருக்குத் தெரியாதே."

பைத்தியம் என்று ஏச வாய் வந்தது. மண்ணைத் தள்ளி மூடும்போது ஒன்றுதான் கேட்டேன்:

"புள்ளியை அப்பா வைக்கிற இடத்தில வைச்சனியோ?"