அண்ணன் நிறுத்திவைத்த இசை

என் பிரியமுள்ள முருகேசண்ணே,

நீ போனபிறகு உன் பெயரைச் சொல்லிக்கொண்டு நம் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ கட்டுரை எழுதிய பத்திரிகைக்கே இதை அனுப்புகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் மாறி வரவேண்டிய நம் ஊரில், ஆற்றோரம் அந்த ஆலை வந்ததிலிருந்து வீட்டுச் சுவர்களில் ஓர் உறுமல் இருக்கிறது. காதில் விழுவதைவிட நெஞ்சில்தான் அதிகம் தெரியும். எல்லாரும் பழகிக்கொள்ளப் பார்த்தோம். நீதான் சின்ன மைக்கைச் சுவரில் ஒட்டி, நாள்கணக்கில் பதிவு செய்து, அதிலிருந்து ஓர் இசையை உண்டாக்கினாய். பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. 'இதுல ராகம் எங்கன இருக்குண்ணே?' என்று சிரித்தேன்.

'சிரிக்காதட்டி. நம்ம வீடு முனங்குது, கேளு' என்றாய்.

சென்னையில் ஓர் அரங்கில் அதை ஒலிக்கவிட்டாய். எழுந்து நின்று கை தட்டினார்களாம். நீயோ காய்ச்சல் கண்டவனைப்போல் திரும்பி வந்தாய்.

'ஒரு அம்மா வந்து, இதைக் கேட்டா நல்லா உறக்கம் வருது, பதிவு கிடைக்குமான்னு கேக்காவட்டி. இங்கன இசக்கியக்கா இதாலதான் உறங்காம கெடக்கா. அவ வேதனைய எடுத்துட்டுப் போயி நான் கைதட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்.'

பக்கத்து வீட்டு இசக்கியக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டாய். வாழைத்தோட்ட வேலை முடிந்து அலுத்துக் கிடந்தவள், 'நீ என்ன செய்வ தம்பி, ஆலைய நீயா நடத்துத?' என்றாள். உனக்கு அது ஆறுதலாகவில்லை. உறுமலோடு வாழ்கிறவர்கள் சம்மதிக்காமல் அந்த இசை இனி எந்த மேடையிலும் ஒலிக்கக்கூடாது, ஒலித்தால் அங்கே அவர்களும் பேச வேண்டும் என்று இந்தப் பத்திரிகையில் எழுதினாய்.

அடுத்த மழைக்கு முன்பே உன் நெஞ்சு நின்றுவிட்டது. அதற்கும் உறுமலுக்கும் தொடர்பு உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காரில் வந்தவர் ஆலையின் அதிகாரி. கனிவான பேச்சு. இரண்டாவது ஆலையின் திறப்பு விழாவில் உன் இசையைப் போடப்போகிறார்களாம். உன் படத்துக்கு மாலை உண்டாம். பதிவு சென்னையிலிருந்தே கிடைத்துவிட்டதாம். நான் மேடைக்கு வந்தால் போதுமாம்.

'அது உங்க மிஷின் சத்தம் சார்.'

'அதாம்மா பெருமை. எங்க சத்தத்தையே அண்ணாச்சி சங்கீதமா ஆக்கிட்டாவல்லா?'

சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டவர் சட்டென்று கையை இழுத்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். சம்மதமில்லை என்றேன். சிரித்தபடியே வாசலுக்குப் போனவர், செருப்பைப் போடும்போது சொன்னார்: 'வீட்டுக்காரரு வெளிநாட்டுல. தனியா ரெண்டு பொம்பளப் பிள்ளைகள வச்சிருக்கீங்க. எங்க லாரிதான் தெனமும் இந்த ரோட்டுல போவுது. பாத்து இருங்க தாயி.'

அண்ணே, அவர் என்னதான் சொல்ல வந்தார்? அக்கறையாகச் சொன்னதை நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேனா?

மறுநாளிலிருந்து பிள்ளைகளை நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். புது இயந்திரங்களை ஓட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்கின்றன. எதிர்வீட்டுக்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார்கள். உன் படம் போட்ட சுவரொட்டியை நம் மதிலிலேயே ஒட்டியிருக்கிறார்கள். யார் வந்து ஒட்டினார்கள் என்று கேட்டால் தெருவில் எல்லாரும் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள்.

இசக்கியக்கா மட்டும் வந்தாள். 'விழாவுக்கு நாம போவோம்ட்டி.'

'போயி?'

'ஒன் அண்ணன் எழுதினான்லா, நாங்களும் பேசணும்னு. நான் பேசுதேன்.'

'பயமா இல்லியாக்கா?'

'இருக்கு. வீட்டுக்குள்ள இருந்தா மட்டும் பயம் இல்லாமலா இருக்கு?'

நாளைக்கு விழா. பிள்ளைகளைப் பத்தமடையில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். சும்மா என்றேன்.

இசை தொடங்கியதும் அக்கா எழுந்து பேசுவாள். யாரும் அவளைப் பிடித்து உட்காரவைக்காதபடி நான் பக்கத்தில் நிற்பேன். பிறகு என்ன நடக்குமோ, தெரியவில்லை. அவள் பேசி முடிக்காமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன். இது உன்மேல் சத்தியம் அண்ணே.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
செல்வி