வீட்டுப் படமும் மீன் படமும்

மச்சான்,

இன்று காலை உங்கள் மகள் கோவில்பத்திலிருந்து வந்து, உங்கள் ஜிபிஎஸ் கடிகாரத்தை என் கையில் வைத்தாள். வாரில் இன்னும் டீசலும் உப்பும் கலந்த வாடை. "அப்பா தப்பா அமுக்குன மெஷின். எங்களுக்கு எதுக்கு, நீங்களே வச்சுக்கங்க மாமா" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவள் போன பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது.

துபாயிலிருந்து உங்கள் கூட்டாளி கொண்டுவந்து தந்தது. அப்போது நம் கரையில் வேறு யார் கையிலும் அப்படி ஒன்று கிடையாது. முகத்துவாரம் தாண்டும்போதே அதை முடுக்கிவிடுவீர்கள். படகு போகும் வழியைத் திரையில் புள்ளி புள்ளியாக வரைந்துகொண்டே வரும். இடங்களைக் குறித்துவைக்கக் குட்டிப் படங்களும் உண்டு; ஒன்றை அமுக்கினால் அந்த இடம் இருக்கும் பக்கத்தை அம்பு காட்டும். அரசலாற்று முகத்துவாரத்துக்கு வீட்டுப் படம் வைத்தீர்கள். நாம் இருவர் மட்டும் கண்டுபிடித்த பாருக்கு, கடலடியில் மீன் அடையும் அந்தப் பாறைக்கு, மீன் படம்.

பார் கண்டவன் பெண்டாட்டியிடம்கூட இடம் சொல்லமாட்டான். நீங்களோ, பக்கத்துப் படகுக்காரர் கடிகாரத்தை இரண்டு நாளைக்குக் கேட்டதும் தலையாட்டிவிட்டீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. கொண்டுபோய்க் கொடுக்கும் வழியில், உங்களுக்குத் தெரியாமல் இரண்டு படங்களையும் இடம் மாற்றி வைத்தேன். திரும்பி வந்ததும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தவன், மறந்தே போனேன்.

கடிகாரம் அவரிடமிருந்து திரும்பி வந்த மறுநாள் வடக்கே வலை விட்டிருந்தோம். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எந்தப் பக்கம் கரை என்று தெரியவில்லை. கேனில் வீடு திரும்பும் அளவைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக டீசல். நீங்கள் வீட்டுப் படத்தை எடுத்து, அம்பு காட்டிய பக்கம் படகைத் திருப்பினீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் கரைக்கு அல்ல, பாருக்குப் போய்க்கொண்டிருந்தோம், இன்னும் ஆழக் கடலுக்கு.

உடனே சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டு, "குடுங்க மச்சான், நான் பாக்குறேன்" என்றேன், சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று.

"சும்மா இரு மாப்ள, அதான் காட்டுதுல்ல."

கொஞ்ச நேரம் கழித்து நீங்களே கேட்டீர்கள்: "அலை பின்னாலேர்ந்துல்ல வரணும், ஏன் எதுத்து வருது?"

"காத்து திரும்பியிருக்கும்" என்றேன். அக்காள் வயிற்றில் அப்போது இந்த மகள். அது தெரிந்தும் அப்படிச் சொன்னேன். இன்றுவரை அதை என்னால் செரிக்க முடியவில்லை.

எஞ்சின் ஒருமுறை இருமியது. அதற்குப் பிறகுதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அறை விழும் என்று காத்திருந்தேன். நீங்கள் கேன் மூடியைத் திறந்து பார்த்தீர்கள். பிறகு திரையில் காலையில் வந்த வழியைத் தேடி எடுத்தீர்கள். "படத்தத்தான மாத்துன? பக்கத்துப் படகுலயும் ரெண்டு நாள் இருந்துச்சு, இனி எந்தப் படத்தையும் நம்ப வேணாம். வந்த வழி அப்படியேதான இருக்கு" என்றீர்கள். அந்தப் புள்ளிகளைப் போய்ப் பிடித்து, ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வந்தோம். டீசல் தீர்ந்தபோது முகத்துவாரத்துக் கருங்கற்கள் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தன. மிச்சத்தைத் துடுப்புப் போட்டே கடந்தோம்.

கரையில் கூட்டம். முன்னால் அக்காள். ஏன் இவ்வளவு நேரம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நாந்தான் தப்பா அமுக்கிட்டேன்" என்றீர்கள் நீங்கள். கண்மூடும்வரை அந்தக் கேலி உங்களை விடவில்லை. மீன் ஏலத்தில், டீக்கடையில், கல்யாண வீட்டில். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். பக்கத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு கேவலம் மச்சான்.

சாயங்காலம் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்துக் கோவில்பத்துக்குப் போனேன். "தப்பா அமுக்குனது உங்கப்பா இல்ல தாயி, நான்" என்று தொடங்கி, காற்று திரும்பியதாகச் சொன்ன பொய்வரை உங்கள் மகளிடம் சொல்லி முடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அப்ப அது எனக்கு வேணும். குடுங்க மாமா."

கழற்றிக் கொடுத்துவிட்டேன். கரையில் எனக்காக நீங்கள் சொன்ன பொய் மட்டும்தான் இப்போது என்னிடம் இருக்கிறது.