வேப்பங்கால் வைத்த மேசை

அரியலூர்
ஆவணி 11

அன்பு மகள் இலக்கியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, புனேயில் மழை விட்டதா என்றெல்லாம் கேட்க எனக்கு இன்னும் பாத்தியதை இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். நீ போனை எடுக்காமல் இன்றோடு முப்பத்தோரு நாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, நான் கடைசியாகப் பேசிய பேச்சு அப்படி. ஆண்டிமடத்திலிருந்து உன் மாமியாரின் தம்பி வந்து, சின்னஞ்சிறுசுகள் சண்டை, பேசி முடித்துக்கொள்ளலாம் என்று காபி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் உனக்குப் போன் போட்டு "ஒரே ஒரு தடவை யோசிச்சுப் பாரு கண்ணு" என்றேன். நீ "சரிம்மா, வைக்கிறேன்" என்றாய். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்தாலும் உன் பெட்டியில் கிடக்கும், மனம் வருகிறபோது மீதியைப் படித்துக்கொள்ளலாம். படிக்காமலே விட்டாலும் சரி.

நீ பதில் சொல்லவில்லை என்றதும் அவர்கள் பத்தாம் நாள் உன் சீர் சாமான் அத்தனையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஆடி மாதத்தில் யாரும் சாமான் ஏற்றி இறக்கமாட்டார்கள், அதைக்கூடப் பார்க்கவில்லை. கட்டில், பீரோ, அண்டா, குத்துவிளக்கு, கடைசியாக நம் மேசை. தெருவே வாசலில் நின்றது. எதிர்வீட்டு மருதாயி அக்கா மட்டும்தான் ஒன்றும் கேட்காமல் வந்து அண்டாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், "வூட்டுக்குள்ள கொண்டு போய் வச்சுட்டு அப்பறமா அழுவலாம், வா" என்றாள். நான் அழவில்லை. எனக்கு அப்போது அவமானமாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. உன்னைப் பற்றிய துக்கத்தைவிட, தெரு பார்க்கிறதே என்பதுதான் முன்னால் நின்றது.

மேசையை வண்டியிலிருந்து இறக்கியபோதே பார்த்தேன், நான்கு காலும் அடியில் தேய்ந்து சிலும்பிக் கிடந்தன. இடது பக்கப் பலகையில் நீலப் பெயிண்ட் ஈஷியிருந்தது, நடுவே சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்கு ஒரு குழி. எனக்கு வந்ததே கோபம். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலை குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் ஆபீசர் வீட்டார் வடக்கே மாற்றலாகிப் போனபோது, அப்பா ஷிப்டு முடிந்து அங்கிருந்து கொண்டுவந்தாரே, அன்றைக்கு அது மேசையாகவா இருந்தது? ஒரு காலைக் கரையான் தின்றிருந்தது, மேலே இஸ்திரிப்பெட்டி சுட்ட தடம். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். முழுப் பரீட்சை லீவில் நீயும் நானும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உன் விரல் ரேகையே அழிந்துவிட்டது என்று சிரித்தாய். தேக்குக்குத் தேக்கு கிடைக்காமல் அப்பா வேப்பமரத்தில் ஒரு கால் செய்து முடுக்கினார், நிறம் ஒட்டவேயில்லை, "மூணு காலு மாமியா வீடு, ஒரு காலு நம்ம வீடு" என்று நீதான் கேலி பண்ணினாய். பிளஸ் டூ, காலேஜ் எல்லாம் அதில்தான் படித்தாய். கல்யாணம் என்றபோது புது டிரஸ்ஸிங் டேபிள் வேண்டாம், இதற்கே ஒரு கண்ணாடி மாட்டிக் கொடு என்று நீ கேட்டாய், நானும் இரண்டு இழுப்பறை சேர்த்து, வார்னிஷ் மூன்று கை கொடுத்து, கண் கூசுகிற மாதிரி செய்து அனுப்பினேன். அந்தக் கர்வத்தில்தான், வண்டியில் கட்டாமல் கொள்ளாமல் ஏற்றி என் மேசையைக் கெடுத்துவிட்டானே என்று அந்த டிரைவர் மீது எரிந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் உட்கார்ந்தேன். கை சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போகிறது, தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் கழிகிறது. பெயிண்டைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். குழியில் பட்டி வைத்து மட்டமாக இழுத்தேன். பிறகு கால்கள். மூன்று தேக்குக் காலையும் சீவித் தேய்த்துப் புதுசாக்கிவிட்டேன். வேப்பங்கால் வேறு மரம், அதற்கு முரட்டுத் தாள் வேண்டும், நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். விட்டுவிட்டு டிரைவருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். மகேஷ் என்று பெயர், ஜெயங்கொண்டம் பக்கத்துப் பையன், உன்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பான், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ரோஷக்காரன், அன்று சாயங்காலமே அரியலூருக்கு லோடு வந்தவன் நேராக நம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "காட்டுங்கக்கா, எந்த எடத்துல பட்டுச்சுன்னு நீங்களே காட்டுங்க. கண்ணாடிக்குத் தலகாணி வச்சுக் கட்டிக் கொண்டாந்தேன்" என்றான். நீலப் பெயிண்ட் பட்டிருந்ததே என்றேன். "என் வண்டி வெள்ளைக்கா, வெளிய போயிப் பாத்துட்டு வாங்க" என்றான். அவன் குனிந்து வேப்பங்காலைத் தடவிப் பார்த்தான், மேசையை ஒரு பக்கமாகச் சாய்த்து அடியைப் பார்த்தான். பிறகு குரலே மாறிப்போய்ச் சொன்னான், "இது ஒரு நாள் பட்டது இல்லக்கா. போட்டு இழுத்து இழுத்துத் தேஞ்சது. அந்தப் பக்கம் ஒரு நடை, இந்தப் பக்கம் ஒரு நடை, தெனம் இழுத்திருக்காங்க. நான் ஏத்தறப்பவே அந்த ரூமு டைல்ஸ்ல கோடு பாத்தேன். கதவுலேருந்து செவுரு வரைக்கும்."

டீ போட்டேன், குடிக்கவில்லை. "நான் வரேங்க்கா" என்று போய்விட்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது இலக்கியா. அந்த அறைக் கதவு நீலம். கதவின் உட்பக்கத்தில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்ததைப் போன புரட்டாசியில் உன்னைப் பார்க்க வந்தபோது என் கண்ணாலேயே பார்த்தேன். ஏதோ ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கதவு, ஜன்னல், கீல் என்றால் எங்கே போனாலும் உற்றுப் பார்க்கிற புத்தி உள்ளவள்தானே நான், அங்கே மட்டும் ஏன் கேட்காமல் வந்தேன்? அன்றைக்கு உன் மாமியார் என்னை வைத்துக்கொண்டே, "ஆபீசு மேசைக்குக் கண்ணாடிய மாட்டி அனுப்பிட்டாங்க, வர்றவங்க போறவங்க சிரிக்கிறாங்க" என்று ஜாடை பேசினார்கள். நான் கூசிப்போய், ஜெயங்கொண்டத்தில் புதிதாக ஒரு பிளைவுட் டேபிள் எடுத்துக் கொடுத்துவிட்டு இதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய், வலிக்கிற மாதிரி பிடித்தாய். "வேணாம்மா. இது இருக்கட்டும். கனமா இருக்குதும்மா, இதுதாம்மா நல்லது" என்றாய். கண் கலங்கியிருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் கைவேலையை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என் மகள் என்று நினைத்தேன். ஊருக்கு வந்து மருதாயி அக்காவிடம் ஒரு வாரம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நல்லவேளை, நீ என்னை மாற்ற விடவில்லை. பிளைவுட் மேசையை ஓர் உதை விட்டால் நகர்ந்திருக்கும்.

நீ சொல்லாமல் இல்லை. கல்யாணமான முதல் ஆடிக்கு வந்தபோதே, உன்னைக் கட்டிய சுதர்சன் குடித்துவிட்டு வந்தால் பயமாக இருக்கிறது என்றாய். எந்த வீட்டில் இல்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்றேன். ஆவணி பிறந்ததும் முறுக்கும் அதிரசமும் சுட்டுத் தூக்கில் போட்டு அனுப்பிவைத்தேன். கார்த்திகையில் நீயாக ஒரு பையோடு வந்து நின்றாய். ஒரு ராத்திரிதான். மறுநாள் காலை அப்பாவோடு பஸ் ஏற்றிவிட்டேன், பஸ் கிளம்பும்போது நீ என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மாசியில் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிய நீ அரியலூருக்கு வராமல் நேரே புனேக்குப் போனாய். இங்கே வந்தால் மூன்றாம் தடவையும் அனுப்பிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். இத்தனை மாதமாக, பெற்ற தாயிடம் சொல்லாமல் போனாளே என்று ஊரெல்லாம் சொல்லி அழுதவள் நான். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தானே போனாய்.

மகேஷ் வந்துபோன அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய் மேசையை ஒரு கையால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். "இதயா தெனம் அந்தப் புள்ள தனியா இழுத்துச்சு" என்று கேட்டார், அவ்வளவுதான். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குப் போய்வரலாம் என்று கூப்பிட்டேன், "சாமிகிட்ட என்னன்னு கேக்கறது, நாமதான பஸ் ஏத்தி விட்டோம்" என்றார். அவரைத் தவறாக நினைக்காதே, கார்த்திகையில் அவர் உன்னை ஒரு வாரம் இருக்கட்டும் என்றுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

போன வாரம் உன் மாமியார் போன் செய்து, பொருளைப் பார்த்தாவது புத்தி வந்ததா என்று கேட்டார்கள். வந்தது என்றேன். என் மகள் அந்த வாசல் மிதிக்கமாட்டாள், யாரும் பேச வரவேண்டாம் என்றேன். குரல் உயர்த்தவில்லை. அவர்கள் தம்பியிடமும் அப்பா அதையே சொல்லிவிட்டார். பெரம்பலூரில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்துவந்தோம். நீ வழக்கு என்று முடிவெடுத்தால்தான், இல்லாவிட்டால் இல்லை, அது உன் இஷ்டம். வேப்பங்காலைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பக்கப் பலகையில் பட்டியைச் சுரண்டிப் பார்த்தேன், குழி பாதிதான் தெரிகிறது, பெயிண்ட் போனது போனதுதான். நீ அங்கே பட்ட பாட்டுக்கு மரத்தில் இருந்த அடையாளத்தை ஒரே பகலில் துடைத்துவிட்டேன். கேட்கிற இடத்தில் நானே வந்து நின்று, மூன்று காலிலும் இருந்தது, என் கையால் அழித்தேன் என்று சொல்வேன். இதை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை, மன்னிக்கிற வேலையையும் உன் தலையில் வைக்க எனக்கு மனமில்லை.

கட்டிலையும் பீரோவையும் வெளியில் கொடுத்துவிட்டேன். மேசையைக் கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன், மறுபடியும் படிக்கிற மேசையாகவே இருக்கிறது. அதை உன் அறையில் ஜன்னலுக்குக் கீழே போட்டிருக்கிறேன், கதவுக்கும் அதற்கும் ஓர் அறை தூரம். தீபாவளிக்கு வா, பொங்கலுக்கு வா என்று எழுதமாட்டேன். வருவதும் வராததும் உன் மனசு. அங்கே ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் பருப்புப்பொடி இடித்து அனுப்புகிறேன், ஒரு வரி மெசேஜ் போதும், என்னிடம் பேச வேண்டியதில்லை, அப்பாவுக்கு அனுப்பினாலும் சரி. தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே, அந்த ஊர்த் தண்ணீருக்கு முடி கொட்டும்.

நீ நிம்மதியாகத் தூங்கி எழவேண்டும், இப்போதைக்கு உனக்காக நான் வேண்டிக்கொள்வது அது ஒன்றுதான். ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள். நம் வீட்டில் உன் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்ததே கிடையாது, பெண் பிள்ளை அறைக்கு எதற்கு என்று நான்தான் வைக்க விடவில்லை. நேற்று அப்பா பிடித்துக்கொள்ள நானே பித்தளையில் ஒன்று முடுக்கினேன், நீளத் திருகாணி போட்டிருக்கிறேன். உள்ளே நின்று போட்டுப் பார்த்தேன், நன்றாக விழுகிறது. நீ எப்போது வந்தாலும் போட்டுக்கொள்ளலாம். நானே வந்து தட்டினாலும் உனக்கு விருப்பமிருந்தால் மட்டும் திறந்தால் போதும்.

இப்படிக்கு,
உன்னை இரண்டு முறை பஸ் ஏற்றிவிட்ட
அம்மா