கம்பெனி பஸ்ஸில் கேட்ட குரல்

கும்மிடிப்பூண்டியில் கம்பெனி பஸ்ஸின் கதவு திறந்ததும் அந்த வாடை வந்தது. டீசல், கிரீஸ், யாரோ அவசரமாகத் தலையில் வைத்துக்கொண்ட மல்லி. நீ போன பிறகு நான் பஸ் ஏறும் முதல் விருதுத் தேர்வு இது. ஜன்னலோர இடத்தைப் பழக்கத்தில் உனக்கு விட்டுவிட்டேன். பிறகுதான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

வானொலி ஒலிபரப்பாளர் சங்க விருதுக்கு நாம் நடுவர்களான முதல் வருடம் நினைவிருக்கிறது. திருவள்ளூரில் ஏசி அறை, காதை அடைக்கும் ஹெட்போன். நீ அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாய். "இப்டி குந்திக்கினு எவன்யா ரேடியோ கேக்கறான்? வா, தேர்வாய் கண்டிகை பஸ்ஸுல கேப்போம்." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கடைசிச் சுற்றுப் பதிவுகளை, தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள் நடுவே கைபேசியில் ஒலிக்கவிட்டுத்தான் முடிவு செய்தோம். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தால் அதுவே மதிப்பெண்.

நடுவராக உன் இடத்துக்கு வந்தவர் நல்ல மனிதர். நெடுங்காலம் செய்தி வாசித்தவர். எளாவூர்ப் பெண் ஒருத்தியின் பதிவை வேண்டாமென்று ஒதுக்கி வைத்திருந்தார். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலை பார்க்கிறவள். சமுதாய வானொலியில் தொழிற்சாலைப் பெண்களுக்காக நிகழ்ச்சி நடத்துகிறாள். 'திருத்தமான உச்சரிப்பு' என்று நம் விதிகளில் இருந்த வரியைக் காட்டினார். "வீடுன்னே வரலையே சார். ஊடு, ஊடுங்கிறாங்க."

விருது கிடைக்காவிட்டால் நிகழ்ச்சிக்கு வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று அவளுடைய நிலையத்தார் சொல்லியிருந்தது என் காதுக்கு வந்திருந்தது. அதைச் சொல்லி வாதாடுவது முறையல்ல. பஸ்ஸில் கேட்டுவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

பஸ் நெடுஞ்சாலை ஏறியதும் பக்கத்தில் இருந்த அவர் தன் கைபேசியில் அவள் பதிவை ஒலிக்கவிட்டார்.

"மெஷினு சத்தம் மாறுச்சா? மொதல்ல கைய எடு. சூப்பர்வைசர் கத்தினா கத்திக்கினு போறாரு. ஊட்டுக்குப் போறப்ப பத்து வெரலும் கூட வரணும்."

முன் சீட்டுப் பெண் திரும்பினாள். "அண்ணே, சவுண்டு வை."

பின்னாலிருந்து ஓர் இளைஞன், "இன்னா நைனா, எங்க லைன்ல கீற அக்கா மாரியே திட்டுது!" என்றான்.

"உன்னத்தான் திட்டுது. வாய மூடிக்கினு கேளு" என்றாள் அவள்.

பாதியில் அவர் பதிவை நிறுத்தினார்.

"இன்னாத்துக்கு நிறுத்தின? எறங்கற வரைக்கும் ஓடட்டும்" என்றாள் முன் சீட்டுப் பெண்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவரே மறுபடி ஓடவிட்டார். தேர்வாய் கண்டிகையில் எல்லோரும் இறங்கிப் போனதும், "அந்த வரிய மாத்திடலாம் சார்" என்றார். மாற்றிவிட்டோம். 'கேட்பவரிடம் போய்ச் சேரும் பேச்சு' என்று இருக்கிறது இப்போது. விருது அவளுக்கு. நிகழ்ச்சியும் அவளிடமே இருக்கும் என்று நிலையத்தார் சொல்லிவிட்டார்கள்.

செய்தி சொல்ல அவளுக்கு நான்தான் போன் செய்தேன். மெல்லக் கேட்டாள்: "சார், மேடையில நல்லாப் பேசணுமா? ஊடுன்னு சொல்லக்கூடாதுன்னு ஸ்டேஷன்ல சொன்னதுலேர்ந்து வீடு, வீடுன்னு சொல்லிப் பாக்கறேன். வர்ல சார்."

"உன் ஊடு எங்கம்மா?"

"எளாவூர் சார்."

"அங்க எப்டி பேசுவியோ அப்டியே பேசு."

சிரித்துவிட்டாள். போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், நானும் ஊடு என்றிருந்தேன். பத்திரிகையில் சேர்ந்த நாளோடு என் வாயிலிருந்து போன சொல் அது. நாமிருவரும் பேசும்போது நீ ஊடு என்பாய், நான் வீடு என்பேன். இப்போது யோசிக்காமலே வருகிறது.